சட்டைக்குப் போட்ட நீலம்

என் சித்தப்பா ஊரை விற்றுவிட்டார் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வயதில் ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால், அவர் தும்மினால்கூட அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

எங்கள் குப்பம் எண்ணூர் ஆற்றங்கரையில், நெட்டுக்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று ஆற்றை ஒட்டிப் போகும். அது அடிக்கடி உடையும். உடைந்தால் அவ்வளவு சாம்பலும் ஆற்றில்தான். என் அப்பா ஆற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறவர். அந்த வருஷம் அவர் கையை விட்ட இடமெல்லாம் சாம்பல்தான் வந்தது. மனு கொடுத்தோம். அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் குழாயை ஒட்டிவிடுவார்கள். வந்தவர்கள் ஒட்டின குழாயைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, எப்போதும் இப்படித்தான்.

அதனால், குழாய் உடைந்து கொட்டும்போதே படம் எடுத்து டிவியில் போட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. ஒரு சேனலில் ஐந்து நிமிஷம் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்து, வெட்டி ஒட்டி, முடித்துக் கொடுக்க வேண்டியது நாங்கள். இதற்கு ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார். அவர்தான் சித்தப்பா.

அவர் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் நிறம் சரிசெய்யும் வேலையில் இருந்தார். படம் எடுத்து முடித்த பிறகு நடக்கிற வேலை அது. காலையில் எடுத்ததும் சாயங்காலம் எடுத்ததும் ஒரே நேரத்தில் நடந்த மாதிரித் தெரிய வேண்டும். பகலில் எடுத்ததை இரவாக்க வேண்டும். வாடின முகத்தைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வார். ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்கள் மனதில் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: இவன் உள்ளதை இல்லாததாக்குகிறவன். நானும் ஒருநாள் அவரிடம், அப்படியென்றால் பொய்தானே என்று கேட்டேன். பொய் இல்லை, சரி பண்ணுவது என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இன்னொன்றும் பார்த்தேன். எண்ணூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போட்ட ஒருத்தனோடு அவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அவன் அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்டரின் ஆள். சித்தப்பா அவன் முதுகில் தட்டிச் சிரித்தார். நான் யாரிடமும் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டேன்.

குழாய் உடைந்த அன்று சித்தப்பா யாரிடமோ கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். வானம் மூடிக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பேசினால் ஜனங்கள் கேட்பார்கள் என்று, யூனிஃபார்மோடு என்னை ஆற்றோரம் நிற்க வைத்தார். கையில் ஒரு பாட்டில், அதில் ஆற்றுத் தண்ணீர். எங்க நைனா இறங்குற ஆறு இது, பாருங்க என்று சொன்னேன். ஒரே தடவையில் சரியாகச் சொல்லிவிட்டேன்.

என் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டால், காய்வதற்குள் அதில் சாம்பல் படிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ் அழுக்குச் சட்டைக்காரர்களைத் தனியாக வெயிலில் நிற்க வைப்பார். சாம்பல் கொட்டுகிறவனை யாரும் வெயிலில் நிற்க வைக்கவில்லை, எங்களை நிற்க வைத்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் சட்டையை நானே அலசுவேன். அம்மா ஒரு வாளிக்கு நாலு சொட்டு நீலம் விடுவார். நான் அவருக்குத் தெரியாமல் பாட்டிலைக் கவிழ்ப்பேன். சாம்பல் மறையும்வரை ஊற்றுவேன். வகுப்பில் பாதிப் பேர் சட்டை அப்படித்தான் இருந்தது. எங்களுக்கு அதுதான் வெள்ளை.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் வந்தது. மொத்தக் குப்பமும் ஊர்க் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் திரையில் வந்ததும் கைதட்டினார்கள். என் சட்டை சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி மின்னியது. முகத்தில் மட்டும் மஞ்சள் பூசினது போல இருந்தது. பிறகு எனக்குப் பின்னால் இருந்த ஆற்றைப் பார்த்தோம். சாம்பல் இல்லை. பழுப்பு. மழைக்காலத்தில் புது வெள்ளம் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. என் கையிலிருந்த பாட்டிலிலும் அதே பழுப்பு.

"இன்னாடா இது, ஆத்துல டீ ஓடுது" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே அதிகாரி ஊர்த் தலைவரைக் கூப்பிட்டு, டிவியில் பார்த்தேன், மழைச் சேறுதானே, வருஷா வருஷம் வருவதுதானே என்றார். எங்கள் மனு மூடப்பட்டது. நாங்களே எடுத்துக் கொடுத்த படத்தை வைத்தே மூடினார்கள். அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் டீக்கடையில் பார்த்ததைச் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா யாரிடம் சொன்னார் என்று தெரியாது. இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் ஊர் கூடியது. சித்தப்பா லேப்டாப்போடு வந்தார். ஸ்டுடியோவில் மத்தியான இடைவேளையில், சீரியல்காரர்கள் வெளியே காத்திருக்க, முதலாளிக்குத் தெரியாமல் அரை மணி நேரத்தில் செய்த வேலை அது என்று சொன்னார். மேகமூட்டத்தில் படம் முழுக்க நீலம் ஏறியிருந்ததாம். கேமராவின் கோளாறு என்று நினைத்தாராம்.

"மிஷினுக்கு இதான் வெள்ளைன்னு நாம ஒண்ண காட்டணும் மாமா. அத்த வெச்சுத்தான் அது மத்த கலர் எல்லாம் போடும். பாப்பா சட்டைய காட்னேன். அந்த சட்டையிலயே நீலம் கீது. மிஷினு சட்டையில இருந்த நீலத்த எடுத்துச்சு, அதோட ஆத்துல இருந்தும் எடுத்துடுச்சு. சாம்பல் சேறாயிடுச்சு."

திரையையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது, அதனால் ஆறு நிறம் மாறினது தெரியவில்லை என்றார். நம்பாவிட்டால் இதைப் பாருங்கள் என்று, கேமராவில் எடுத்தபடியே இருந்த படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் ஆறு சாம்பலாகத்தான் இருந்தது. அதைக் காட்டினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

தலைவர் நிதானமாகக் கேட்டார். "அப்போ கேமராவுல சாம்பல்தான் இருந்துகீது. நீ கை வெச்சப்புறம் சேறாச்சு. அப்டித்தான?"

"ஆமா, ஆனா..."

"ஆமான்னுட்டான். அப்புறம் இன்னா."

டீக்கடை விஷயத்தை அப்பாதான் கேட்டார். சொந்தத் தம்பியைக் கேட்கிற குரலாக அது இல்லை. அவன் என்னோடு ஒன்றாகப் படித்தவன் என்றார் சித்தப்பா. கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் பிடிக்காது.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"பாப்பா, நீ சொல்லு. அன்னிக்கு சட்டைக்கு எம்மாம் நீலம் ஊத்தின?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் அம்மா நின்றிருந்தார். சொன்னால் வீட்டில் அடி விழும். அது ஒரு பயம். ஆனால் அது மட்டும் இல்லை. அவர் நம்மை ஏமாற்றினவர், இப்போது என் சட்டை மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நான் உண்மையாகவே நம்பினேன். நீலம் ஊற்றியது உண்மை. அவர் திருடன் என்பதும் உண்மை. பத்து வயதில் இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன.

"நான் நீலமே போடல" என்றேன்.

சித்தப்பா குனிந்து என் வலது கையைப் பிடித்தார். அன்று காலையில்தான் சட்டை அலசியிருந்தேன். நகக்கண் எல்லாம் நீலம். அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரியாதபடி அவர் முதுகு மறைத்திருந்தது. அந்தக் கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கி, தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

விரலை உடைக்கப் போகிறார் என்று நான் கத்தினேன். அப்பா பாய்ந்து வந்து அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். சித்தப்பா லேப்டாப்பை மூடினார்.

"கொழந்த சொல்லுதுல்ல. வுட்டுடுங்க" என்றார். யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அதன் பிறகு அவர் குப்பத்துக்கு வரவில்லை. அப்பா இறால் பிடிப்பதை விட்டு மாத்தூரில் ஒரு குடோனுக்கு மூட்டை தூக்கப் போனார். குழாய் மறுபடியும் உடைந்தது, மறுபடியும் ஒட்டினார்கள். ஒரு படத்தில் நிறம் மாறியதற்கு ஊரைக் கூட்டி விசாரித்தோம். ஆற்றில் சாம்பலைக் கொட்டினவனை ஒருநாளும் அந்தக் கூடத்துக்குக் கூப்பிடவில்லை.

அன்று கூட்டம் கலைந்தபோது தலைவர் என் தலையைத் தடவி, புள்ள பயப்படாமல் உண்மையைச் சொல்லிவிட்டது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு வரும்வரை அந்தக் கையை நான் திறக்கவில்லை. எனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் அவர் விரல்களை அப்படி மடக்கினார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வலிக்கவே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.