அரிசி டிரம்மில் ஒரு சாவி

பறித்துவைத்துப் பழகிய கை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். செல்போன், பம்பரம், ஒருமுறை உயிருள்ள ஓணான் வரை என் மேசை இழுப்பறைக்குள் போயிருக்கின்றன. "தாங்க மிஸ்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தரமாட்டேன். ஓணானை மட்டும் உடனே விட்டுவிட்டேன். அதனால் அப்பாவின் கார் சாவியை எடுத்து ஒளித்தபோது அதைத் திருட்டு என்று நான் நினைக்கவில்லை. பறிமுதல் என்றுதான் நினைத்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றால், "தேங்காய் வெட்டு முடியட்டும்" என்பார். எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவருக்குத் தேங்காய் வெட்டு என்றைக்கு முடியும்? ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. காலையில் தோப்புக்கும் சாயங்காலம் வேலந்தாவளம் டீக்கடைக்கும் அப்பா காரில்தான் போவார். இரண்டும் நடந்து போகிற தூரமில்லை.

ஒரு திங்கட்கிழமை காரின் இடப்பக்கத்தில், பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி உடைந்திருந்தது. கேட்டதற்கு, எருமை உரசிவிட்டது என்றார். நானும் நம்பினேன். மறுநாள் பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிற பெண்மணி என்னை நிறுத்தி, "எருமையுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. ரோட்டோரம் நிறுத்தியிருந்த பால் வண்டியில உங்கப்பா கொண்டுபோய் உரசீட்டாருங்க. வண்டிக்காரர் அந்தப்பக்கம் எறங்கினதால தப்பிச்சாரு" என்றார். அந்த ரோட்டோரமாகத்தான் என் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் நான்கு பேராக நடந்து வருவார்கள்.

அன்று மாலை அப்பா குளிக்கப் போனபோது, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சாவியை எடுத்து அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்தேன். அந்தக் காருக்கு இருந்த ஒரே சாவி அதுதான். கார் வாங்கும்போது இரண்டு கொடுத்தார்கள். ஒன்று, மோட்டாரை எட்டிப் பார்க்கும்போது அப்பாவின் பையிலிருந்து கிணற்றில் விழுந்துவிட்டது. இன்னொன்று போட்டுவைக்கலாமே என்றேன். "ஓட்டறது நா ஒருத்தன். எதுக்கு ரெண்டு?" என்றார். என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. ஒரே ஒருமுறை ஓட்டவிட்டார். கியர் போடும்போது ஒரு சத்தம் வந்தது. பின் சீட்டில் அப்பா பல்லைக் கடித்த சத்தம் அதைவிடப் பெரியது. அதற்குப் பிறகு நான் ஸ்கூட்டியில்தான் போய்வந்தேன்.

"சாவியப் பாத்தயா கண்ணு?" என்று கேட்டார். "இல்லீங்கப்பா" என்றேன். கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிற பிள்ளைகளை நான் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அன்று நான் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

இரண்டு நாள் தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து, சரியாகத் தெரியாமல், கையால் தரையைத் தடவித் தடவித் தேடினார். அதைப் பார்த்துக்கொண்டு நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். எத்தனை கணக்குக்குத் தப்பாக டிக் போட்டேனோ தெரியாது. மூன்றாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார். அப்பாடா, அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்: "நாளைக்கு எலப்புள்ளியில இருந்து சாவி போடற தம்பி வர்றாரு. ஊட்டுக்கே வந்து மெசின் வெச்சுப் போட்டுத் தருவாராம்."

புதுச் சாவி வந்தால் மறுபடி பால் வண்டி, மறுபடி அந்த ரோடு. பேசாமல் உண்மையைச் சொல்லிச் சண்டை போடலாம் என்றால், அதற்கும் வாய் வரவில்லை. சாவிக்காரர் வந்து, "வீடு முழுக்கத் தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, காலையில் முதல் வேலையாகச் சாவியை அரிசியிலிருந்து எடுத்து என் கைப்பைக்குள் போட்டேன். பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறைக்குப் போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஸ்கூட்டரில் அவர் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். முதுகில் பெரிய பை. அதிலிருந்து ஸ்லேட்டு அளவில் ஒரு மெஷின், நீளமான வயர், துணியில் சுற்றிய ஒரு புதுச் சாவி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். வண்டி யாருடையது என்று தெரியாமல் சாவி போட முடியாது, ஆர்.சி. புக்கும் ஆதார் கார்டும் வேண்டும் என்றார். அப்பா எடுத்துவர உள்ளே போனார்.

"பழைய சாவி எங்கே சேச்சி?" என்று, அக்காவை மலையாளத்தில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக் கேட்டார் அவர்.

"காணாமப் போச்சுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க."

தலையாட்டிக்கொண்டே கார் கதவுப் பிடியில் இருந்த கறுப்பு பட்டனை விரலால் அமுக்கினார். டிக் என்றது. மடங்கியிருந்த இரண்டு பக்கக் கண்ணாடிகளும் காதை விரிப்பதுபோல விரிந்தன. கதவு திறந்துகொண்டது.

நானும் எத்தனையோ முறை பார்த்ததுதான். துளையில் சாவி போடுகிற வண்டி இல்லை அது. சாவி பக்கத்தில் யாருடைய பையில் இருந்தாலும் போதும், கதவு திறக்கும், பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். நான்கு நாளாக அந்தக் கார் எதற்கும் அசையவில்லை, சாவி சமையலறையில் இருந்ததால். இப்போது நான் அதை ஒரு கை தூரத்தில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கணக்கு டீச்சராம்.

அவர் என் பையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அப்பா பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் மறுபடி பட்டனை அமுக்கிக் கதவைப் பூட்டினார். குரலைத் தாழ்த்தி, "சேச்சி, பேகை அந்தத் துணி தொவைக்கிற கல்லுமேல வெச்சிட்டு வாங்க. இங்க இருந்தா வண்டி எல்லாத்தையும் சொல்லிடும்" என்றார்.

போய் வைத்துவிட்டு வந்தேன். காது இரண்டும் சுட்டது. ஏதாவது கேட்பார், குறைந்தது ஒரு சிரிப்பாவது சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் பூட்டிய கதவின் கண்ணாடி வழியாக, ஸ்டீயரிங்குக்கு அடியில் மெஷினைச் செருக இடம் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். எத்தனை வீட்டில் எத்தனை சாவிகள் எப்படியெல்லாம் காணாமல் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா புக்கோடு வந்தார். சாவிக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் நிதானமாகச் சொன்னார். "ஐயா, ஒரு காரியம் சொல்லணும். ஒரு சாவிகூட இல்லேன்னா, மெஷின் பழசை எல்லாம் அழிச்சிட்டுத்தான் புதுசைச் சேர்க்கும். அப்பறம் பழசு கெடைச்சாலும் வண்டி எடுக்காது. ஒண்ணு இருந்தா அழிக்க வேண்டாம், கூட ஒண்ணு சேத்தாப் போதும். ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க."

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தது.

"யோசிக்கறதுக்கு என்னங்க தம்பி இருக்குது?" என்றார் அப்பா. "பழசு அரிசி டிரம்முல இருக்குதுங்க."

"இல்லீங்கப்பா," என்றேன் நான். "இப்ப என்ற பேக்ல இருக்குதுங்க."

ஒப்புக்கொள்ள எத்தனையோ விதம் இருக்கிறது. நான் அப்பாவின் விடையைத் திருத்தி ஒப்புக்கொண்டேன். சாவிக்காரர் அதுவரை அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

"தெரியுமுங்களா உங்களுக்கு?"

"மத்தியானம் கோழிக்கு அரிசி அள்ளிப் போடறது ஆருன்னு நெனச்சே? நீ பள்ளிக்கொடத்துல இருக்கறே. கோழி தானா வந்து அள்ளிக்குமா?"

மூன்றாம் நாள் ஏன் தேடுவதை நிறுத்தினார் என்பது அப்போதுதான் உறைத்தது. சாவி அவர் கையில் கிடைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மறுபடியும் அரிசிக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்.

"என்னைக் கேட்டிருக்கலாமில்லீங்கப்பா."

"என்னன்னு கண்ணு கேக்கறது? என்ற புள்ளைய முன்னால நிக்க வெச்சு, திருடினயான்னு கேக்கச் சொல்றயா?" என்றார். கொஞ்ச நேரம் காரின் உடைந்த கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ பயந்துட்டேன்னு தெரிஞ்சுது. எனக்கும் பயந்தான். அன்னைக்கு அந்தப் பால் வண்டி என்ற கண்ணுக்கே தெரியல கண்ணு. தெரியலீன்னு உங்கிட்ட சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துது. அதுதான் எருமைன்னு சொல்லிப்போட்டேன்."

பொய் சொன்னது நான் ஒருத்தி மட்டுமில்லை. அது ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஐயா போன்ல பழசு போச்சுன்னு சொல்லலே சேச்சி," என்றார் சாவிக்காரர். "இன்னொரு சாவி வேணும், பொண்ணுக்குன்னுதான் சொன்னாரு. நீங்கதான் எல்லாம் போச்சுன்னீங்க."

பொண்ணுக்கு. நான் துவைக்கிற கல்லுக்குப் போய்ப் பையை எடுத்தேன். அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சாவியின் பொத்தான் இடுக்கில் ஒரு அரிசி சிக்கியிருந்தது. அவர் அதை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். பழைய சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் வைத்தார், மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. புதுச் சாவியை வைத்தார், அதற்கும் யோசித்தது. சின்னதாக ஒரு சத்தம் வந்தது. திரையில் சாவி இரண்டு என்று காட்டியது. புதுச் சாவியால் கதவைப் பூட்டித் திறந்து, ஸ்டார்ட் செய்து அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். பழையதாலும் அதேபோலப் பார்த்த பிறகுதான் மெஷினைக் கழற்றினார்.

அப்பா புதுச் சாவியை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார். பழையதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் காரைச் சுற்றி இடப்பக்கம் போய், அம்மா எப்போதும் உட்கார்ந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் பார்த்து அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தேடினார்.

"எடு. கியரைப் பிச்சுப்போடாதே," என்றார்.

சாவிக்காரருக்கு நான் ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினேன், அவ்வளவுதான். மோர் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். ஒரு மனுஷியின் மானத்தைத் துவைக்கிற கல்மேல் பத்திரமாக எடுத்துவைக்கச் சொன்னவர் அவர். இன்றைக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது, எல்லார் முன்னாலும் பையைக் கொட்டச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பையை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறேன்.

அடுத்த மாதம் கோயமுத்தூரில் அப்பாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆனது. தேங்காய் வெட்டு முடியாமலேதான். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ப்ரேக், ப்ரேக் என்று இல்லாத ப்ரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

இன்னொரு கண்ணைக் காட்டப் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் காரை அணைத்த பிறகுதான் பார்க்கிறேன், என் கைப்பையே இல்லை. அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சாவியும் அதற்குள்ளேதான். வீட்டிலிருந்து கோயமுத்தூர்வரை இந்த வண்டி எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை.

அப்பா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.