பொட்டு வெச்ச போர்டு

கடை கடையா ஏறி, போன்லயே காசு கட்டற வசதிய ஒட்டிட்டு வர்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. ஒட்டினது வேலை செய்யுதா, இல்ல இந்நேரம் எவனாச்சும் பிச்சிட்டானான்னு நெனச்சிக்கினே அடுத்த கடைக்கு ஏறறோம் பாருங்க, அதுதான் பொழப்பு.

என் ஸ்கூட்டி டிக்கியில எப்பவும் மூணு சாமான் இருக்கும். ஸ்கேன் பண்ற போர்டு, காசு வந்தா வாய்விட்டுச் சொல்ற ஸ்பீக்கர் பெட்டி, போனைக் கிட்ட காட்டினாலே காசு எடுத்துக்கற மிஷின். கள்ளக்குறிச்சி சுத்துப்பட்டுல எந்தக் கடையில இது இருக்குதோ, அந்தக் கடைக்காரர் ஒரு தடவையாச்சும் என்னைத் திட்டியிருப்பார். விக்கிற வேலை பாக்கறவங்க படிச்சிக்கினு இருந்தீங்கன்னா, உங்களுக்கே தெரியும்.

இந்த வருசம் பயம் ஜாஸ்தி. மலை ரூட்டுக்குன்னுதான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. ஆனா கல்வராயன் மலை மேல எனக்கு இருக்கறது ஒரே கடை. "ஆயுத பூஜை கழிஞ்சதும் நானே வந்து பாக்கறேன்மா, ஓடலைன்னா மலை ரூட்ட மூடிருவோம்"னுட்டார் மேனேஜர். ரூட் போச்சின்னா நானும் போயிட்டேன். வூட்டுக்காரருக்கு கரும்பு மில்லுல சீசன் வேலைதான். மத்த மாசமெல்லாம் எங்க வூட்டு அடுப்பு என் சம்பளத்துலதான் எரியுது.

டிராக்டர்ல போன்

மூங்கில்துறைப்பட்டு மில் ரோட்டு டீக்கடையில மிஷின் வெச்ச அன்னிக்கு, கரும்பு லோடு இறக்கிட்டு வந்தவங்ககிட்ட பெருமையா சொன்னேன்: "போனைக் கிட்ட கொண்டாந்தாலே போதும், காசு கட்டிரும்." சொன்னதுதான் தப்பு. கூட்டம் அப்பிடியே ரெண்டடி பின்னால போச்சி. ஒருத்தர் சட்டைப் பாக்கெட்ட கையால பொத்திக்கினார். போன்ல நீங்க பூட்டு தெறந்து சம்மதம் குடுத்தாத்தான் காசு போவும்னு தொண்டை கட்ற வரைக்கும் சொல்லிப் பாத்தேன்.

டீக்கடைக்காரர் என்னை மொறைக்கிறார். யேவாரம் கெட்டுப் போவுதேன்னு அவருக்கு, மிஷினைத் திருப்பிக் குடுத்துருவாரோன்னு எனக்கு. கடைசியா வயசான விவசாயி ஒருத்தர் வெளிய போயி, வெறுங்கையோட திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்தார். "நான் உள்ள வந்துட்டேன் மேடம், எனக்கு டீ வோணும். போனு டிராக்டர்லயே இருக்கட்டும்!"

பெட்டிக்குப் போர்வை

நைனார்பாளையம் மளிகைக் கடையில ஒரு வாரமா ஸ்பீக்கர் பெட்டி சத்தத்தையே காணோம்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. ரிப்பேர்னா அதுக்கும் பதில் சொல்றது நான்தான். அலறி அடிச்சிக்கினு போனேன். பாத்தா பெட்டி நல்லாத்தான் இருக்குது, சாக்கையும் துண்டையும் சுத்தி கல்லாவுக்கு அடியில தூங்குது. காசு வந்தா மூக்கடைச்ச மாதிரி முனகுது.

ஏங்க இப்பிடின்னு கேட்டேன். மொதலாளி எதிர் பக்கம் கண்ணைக் காட்டி, குரலை எறக்கிச் சொன்னார்: "எனக்கு வர்றது எனக்குக் கேட்டா போதும் மேடம், எதிர்க்கடைக்காரன் காதுல எதுக்குப் போடணும்? கண்ணு பட்டா உங்க கம்பெனியா சுத்திப் போடும்?"

நெத்திப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில இருந்து போன் அடிச்சிக்கினே இருந்துச்சி. எல்லாரும் ஒரே பாட்டு: "ஸ்கேன் ஆவல." சர்வரே படுத்துருச்சோன்னு ஸ்கூட்டியை எடுத்துக்கினு ஓடினேன். சங்கராபுரத்துல மொதல் கடையில ஏறினதும் விஷயம் வெளங்கிருச்சி. தராசு, கத்திரிக்கோல், கல்லாப்பெட்டின்னு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சவங்க, போர்டை மட்டும் சும்மா வுடுவாங்களா? சந்தனத்தைக் குழைச்சி, ஸ்கேன் பண்ற கட்டத்துக்கு நட்டநடுவுல அப்பி, அதும்மேல குங்குமம்.

ஈரத்துணி எடுத்துக்கினு கடை கடையா தொடச்சேன். ஃபேன்சி ஸ்டோர் அக்கா மட்டும் கையைப் புடிச்சி நிறுத்திட்டாங்க. "பொட்டு வைங்க, வேணாங்கல. ஓரமா வெச்சா ஆவாதாக்கா?"ன்னு கெஞ்சினேன். அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஏம்மா, உங்க வூட்ல பொட்ட நெத்தியில வெப்பீங்களா, காதுல வெப்பீங்களா?"

பலாமரத்தடி

அந்தக் களேபரத்துல, மேனேஜர் வர்றார், போர்டைத் தொடச்சி வைங்கன்னு மலைக்கடைக்கு ஒரு வார்த்தை சொல்ல மறந்தே போச்சி. சொல்லவும் முடியாது, கடையில டவர் எடுக்காது. அருவிக்குப் போற ரோட்டுல தேனும் சாமையும் விக்கிற கோவிந்தன் அண்ணன் கடை அது. கடைக்கு மேல ஒரு மேடு, அங்க ஒரு பலாமரம். அந்த மரத்தடியில மட்டும் டவர் வரும். அதனால போர்டு, ஸ்பீக்கர் பெட்டி ரெண்டையும் மரத்துலயே கட்டிட்டோம். வாங்கறவங்க மேட்டுல ஏறிக் காசு போடுவாங்க. மரம் சத்தம் போடும். கீழ அண்ணன் காதுல வுழுந்ததும் சாமானைக் குடுப்பார்.

மேனேஜரை கூட்டிக்கினு மேட்டுல ஏறினேன். அடி ஆத்தா! மரத்துல போர்டே தெரியல. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, அடியில எலுமிச்சம்பழம். அண்ணன் பூஜைய அவ்ளோ பக்தியா பண்ணியிருக்கார். அத விடக் கொடுமை, அருவி பாக்க மலைக்குக் கீழேருந்து கார்ல வந்த குடும்பம் ஒண்ணு மரத்தடியில சூடம் கொளுத்திக் கும்புட்டுக்கினு இருக்குது. மேனேஜர் பாக்கெட்லேருந்து போனை எடுத்தார். துப்பட்டாவால போர்டைத் தொடைக்க ஆரம்பிச்சேன். "ஏம்மா, சாமிய தொடைக்கிற? கை வெளங்குமா?"ன்னு அந்தக் குடும்பத்து அம்மா கத்தினாங்க. "அம்மா, இது சாமி இல்லம்மா, கடை போர்டு"ன்னேன். அவங்க காதுலயே வாங்கல.

கட்டம் தெரிஞ்சதும் மேனேஜர் ஸ்கேன் பண்ணார். போன்ல வட்டம் சுத்துது, சுத்துது. போச்சி, வேலை போச்சின்னு எனக்குக் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சி. அப்ப மரத்துக்குள்ளேருந்து கணீர்னு, "இருநூறு ரூபாய் வந்தது!" அந்தம்மா ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கினாங்க. "வாய் தொறந்து பேசுதுங்க! இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க, நீங்களும் போடுங்க!" அவங்க வூட்டுக்காரர் பயபக்தியா போனை எடுத்து ஐநூறு போட்டார். மரம் அதையும் சொல்லுச்சி. கீழ இருந்து கோவிந்தன் அண்ணன் குரல் குடுத்தார்: "காசு வந்துருச்சி! இன்னா வோணும், தேனா, சாமையா?"

மேனேஜர் சிரிச்ச சிரிப்புல மரத்தப் புடிச்சிக்கினு நின்னார். மூச்சு வாங்கிக்கினே, "ரூட் ஓடட்டும்மா"ன்னார். அந்தம்மா மட்டும் வூட்டுக்காரரை முழங்கையால இடிச்சி சொன்னாங்க: "பிரசாதம் எது வோணும்னு கேக்கறாங்க பாருங்க, தேனே குடுக்கச் சொல்லுங்க!"

அது சாமி இல்லன்னு ஊருக்கே சொல்லிக்கினு திரியறவ நான்தான், ஆனா மாசக் கடைசி வந்தா அந்த மரத்தடியில ஒரு சூடம் கொளுத்தாம மலையை வுட்டு எறங்கறதில்லீங்க.