கொச்சிக்கு வந்த நொய்யல்

மழை ஓய்ந்தும் ஓயாத ஒரு புரட்டாசியில் கொச்சி பார்க்கப் போயிருந்தேன். வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்காத நேரம். கடற்கரையில், தூக்கி நிறுத்திய சீன வலைகளுக்கு அருகே, என்னையும் இன்னொருவரையும் தவிர ஆளில்லை.

நெட்டையான மனிதர். கையில் மூடியிட்ட பித்தளைத் தூக்குப்போசி. சட்டையில் இல்லாத பஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது; நானும் அந்த ஊர்தான்.

அலையில் இறங்கி, போசியிலிருந்த தண்ணீரை மெதுவாகக் கடலில் ஊற்றினார். கரையேறியதும் கேட்டேன்.

"என்ன தண்ணிங்க அது?"

"நொய்யல் தண்ணிங்க. கப்பல் வேலைக்குப் போன தம்பி இந்தக் கடலோட போயிட்டானுங்க. பொணங்கூடக் கெடைக்கலை."

ஆறுதலாக எதையாவது சொல்ல நினைத்து, "எல்லா ஆறும் கடலுக்குத்தானுங்களே வருது" என்றேன்.

"நம்ம ஆறு கெழக்கால போயிருதுங்க. இந்தக் கடலுக்கு வராது. அதான் நானே கொண்டாந்தேன்."

"ஊட்டுல இருந்து யாரும் வரலீங்களா?"

"அம்மா மட்டுந்தானுங்க இருக்குது. அதுக்கு இன்னும் தெரியாது. தம்பியப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேனுங்க."

காலிப் போசியை மூடிவிட்டு, மறுபடியும் சட்டையைத் தட்டிக்கொண்டார். அம்மாவிடம் அவர் சொன்னது பொய்யா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.