லைசன்ஸ் எடுக்கப் போனவன்

இரண்டு மாதமாக எங்கள் தோட்டத்தில் என்னைக் காண்கிற எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "என்னா தம்பி, இன்னும் லைசன்ஸ் கெடைக்கலையா?"

தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் இல்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பதினெட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்கும் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் மலையகத்துத் தோட்டத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அப்பா கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டில் சமைக்கிறா. அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர், அம்மாவுக்குப் பெயர் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அதற்குப் பிறகு ஒரு டிப்ளோமா, வெள்ளவத்தையில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பொதிகளுக்கு இலக்கம் ஒட்டுகிற வேலை. அப்படியே இருந்தவனுக்குத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இடம் கிடைத்தது. சரக்குப் போக்குவரத்து முகாமைத்துவம். பணம் இருக்கிறது என்று காட்டுகிற கடதாசிகள் எப்படியோ சரியாகின, அது வேறு கதை. மிச்சம் விசா மட்டும்தான். வகுப்பு தொடங்குகிற திகதிக்கு முன் விசா வராவிட்டால் இடம் இல்லை, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தரவும் மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

இதற்கும் லைசன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. விசா கையில் வரும்வரை மூச்சு விடக்கூடாது. வாய்விட்டால் கண்ணூறு பட்டுக் காரியம் கலைந்துவிடும். எங்களுக்கு முன்வீட்டு அண்ணன் ஒருவர் விசாவுக்குக் கொடுத்த அன்றே கேக் வெட்டிப் பதினெட்டு வீட்டுக்கும் அனுப்பினார். விசாவை மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் குழாயடிக்குக்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். கடைசியில் வீட்டையே மாற்றிக்கொண்டு கொம்பனித்தெருப் பக்கம் போய்விட்டார். அம்மா அந்தக் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டவ. மறக்கவில்லை.

அதனால் நான் விண்ணப்பம் கொடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினா. "யாருக்கும் சொல்றதில்ல. மூணு பேரும் சத்தியம் பண்ணுவோம்." எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். எனக்குச் சுட்டது. அப்பாவின் கையில் மூட்டைக் கயிறு உரசி உரசிக் காய்த்துப்போன தோல். அவர் நிதானமாக அணைத்தார்.

பிறகு பொய்யைக் கட்டிக் காப்பது என் வேலையாகிவிட்டது. விரல் அடையாளம் கொடுக்கப் போன நாள், லைசன்ஸ் எழுத்துப் பரீட்சை. வெள்ளவத்தையில் வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிக்குப் போகிற சனிக்கிழமைகள், ட்ரைவிங் க்ளாஸ். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு பெரிய கடதாசி உறையோடு வந்த நாள்தான் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் வீட்டு ஆட்டோ மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது என்னாடா பெரிய கவரு?"

"எக்ஸ்ரே மாமா. லைசன்ஸுக்கு."

"லைசன்ஸுக்கு நெஞ்ச எதுக்குடா படம் புடிக்கிறான்?"

"புதுச் சட்டம் மாமா."

"நெஞ்சுல தைரியம் இருக்கான்னு பாக்குறானோ! நீ என்ட ஆட்டோவ எடு, மூணே நாள்ல நான் பழக்குறேன்."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, தேவாலயத்து வீதி முழுக்க இரண்டு முறை ஓட்ட வைத்தார். எனக்கு விசாவும் இல்லை, லைசன்ஸும் இல்லை, ஆட்டோ மட்டும் ஓட்டத் தெரிந்துவிட்டது.

காத்திருக்கிற நாட்கள் எப்படி என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். காலி வீதியில் பஸ் ஒவ்வொரு ஹோல்டில் நிற்கும்போதும் போனை எடுத்து மின்னஞ்சலைப் பார்ப்பேன். பார்த்து வைத்துவிட்டு, அடுத்த ஹோல்டுக்குள் வந்திருக்குமோ என்று மறுபடி எடுப்பேன். வேலையில் இரண்டு பொதிகளுக்கு ஒரே இலக்கம் ஒட்டினேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காரணம் தெரிந்தும், வெளியே கேட்கிற மாதிரி, "லைசன்ஸ நெனச்சு நெனச்சு எளச்சிட்டான்" என்பா.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அப்பா வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் ஒரு திருப்தி. மீசைக்குள் சிரிப்பு.

"இன்னைக்கு ஒருத்தி என் வாயக் கிண்டப் பாத்தா" என்றார்.

"யாரு?" அம்மா கேட்டா.

"யாரோ பொம்பள. போன் பண்ணினா. மொதல்ல சிங்களத்துல கேட்டா, அப்புறம் தமிழ்ல. ஒங்க மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறாரான்னு கேக்குறா. நானா விடுவேன்? அப்படி ஒண்ணும் இல்லீங்க, அவன் எங்கயும் போகல, வெள்ளவத்தயில வேல செய்யிறான், இப்ப லைசன்ஸ் எடுக்க அலையிறான்னு சொன்னேன். நிச்சயமான்னு கேட்டா. சத்தியமா இல்லன்னுட்டேன்."

அம்மா, "நல்லாச் சொன்னீங்க. இந்தத் தோட்டத்துல யாரோதான் ஆள் வச்சுக் கேட்டிருக்காங்க" என்றா.

விண்ணப்பப் படிவத்தில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் அப்பாவின் இலக்கத்தை எழுதியவன் நான்தான். கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று ஏஜென்சி அக்கா முன்பே சொல்லியும் இருந்தா. நான் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. படிவம், மின்னஞ்சல், நேர்காணல் எல்லாம் என்னுடைய உலகம், அப்பாவின் போன் அந்த உலகத்துக்கு வெளியே என்று நினைத்திருக்கிறேன் போல.

போனை வாங்கிப் பார்த்தேன். கொழும்பு இலக்கம். திருப்பி எடுத்தால் பதிவு செய்த குரல்தான் பேசியது. அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

"அது விசா ஒபிஸ் அப்பா" என்றேன்.

அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் ஏஜென்சி திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். அக்கா யாழ்ப்பாணத்து ஆள், எதற்கும் பதறாதவ. அன்றைக்குப் பதறினா.

"ஐயோ தம்பி! மகன் போகேல்லை எண்டு தகப்பனே சொன்னா, படிக்கிற எண்ணமே இல்லை எண்டுதானே அவங்கள் எழுதுவாங்கள்? ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

சொன்னேன். அவ கதிரையை இழுத்து உட்கார்ந்தா. பிறகு, "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். நான் இஞ்ச வேலை எடுத்ததையே அம்மா ஒரு மாசமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றா. உடனே குரலை மாற்றிக்கொண்டு வேலைக்கு வந்தா. "அப்பா ஒரு சத்தியக் கடதாசி குடுக்கோணும். அவரைத் தெரிஞ்ச ஜேபி, அதான் சமாதான நீதவான், ஒருத்தருக்கு முன்னால ஒப்பம் வச்சு, இண்டைக்கே அனுப்போணும். கேள்வி விளங்காமல் மாறிச் சொல்லிட்டன் எண்டு எழுதுங்கோ. அதுதான் லேசு."

அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. என் நினைவில் காய்ச்சல் இல்லாமல் அவர் வீட்டில் இருந்த நாள் அது ஒன்றுதான். நான் கடதாசியை எழுதி, "விளங்காமல் சொல்லிட்டேன்னு போட்டிருக்கேன்" என்று வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு நல்லா வெளங்கிச்சே" என்றார். "வெளங்கித்தான் சொன்னேன்."

"அப்பா, இது சும்மா ஒரு காரணத்துக்கு."

"ஒரு பொய்யச் சொல்லித்தான் இவ்வளவு வெனையும். அத மறைக்க இன்னொண்ணா? அதுவும் சத்தியக் கடதாசின்னு பேரு வச்சிக்கிட்டு?" கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எழுது. கெட்ட எண்ணத்துல சொல்லல. நல்ல காரியம் முடியிறதுக்கு முன்னால வாய்விட்டா கலைஞ்சிரும்னு பயந்து சொன்னேன். என் மகன் போகணும்னுதான் போகலன்னு சொன்னேன்."

இதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது? கண்ணூறு என்பதை எந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்துவது? நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் அவர் சொன்ன ஒழுங்கிலேயே, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன்.

அப்பாவை நேரில் தெரிந்த ஜேபி ஒருவர்தான். எங்கள் தோட்டத்து வாசலிலேயே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கொட்டாஞ்சேனைக்கே தெரியும். அம்மா வாயில் கை வைத்தா. "சத்தியம் பண்ணியிருக்கோமே."

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தச் சத்தியத்த மீறின பாவம் எனக்கு. இந்தச் சத்தியம் அவனுக்கு."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களில் ஆட்டோ மாமா வேறு, ஆட்டோவின் வருட வரிப்பத்திரத்துக்குக் கொப்பி எடுக்க வந்திருந்தார். ஜேபி மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கடதாசியை ஒருமுறை தனக்குள் வாசித்தார். பிறகு சத்தமாக, தமிழில் மாற்றிச் சொல்லத் தொடங்கினார். சத்தியம் செய்கிறவருக்கு விளங்க வாசித்துக் காட்ட வேண்டுமாம். அவர் மெதுவான குரலில் எதையும் பேசுகிற ஆள் இல்லை. மகன் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்வது உண்மை என்ற இடத்தில் கொப்பி மெஷின்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"சரிதானா? நீங்களே சொல்லுங்க" என்றார் ஜேபி.

அப்பா திரும்பி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கிடங்கில் கத்திக் கூப்பிட்டுப் பழகிய குரல். "ஆமா. என் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறான். நான் இல்லன்னு சொன்னது பொய்."

பிறகு பேனையை வாங்கி, அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பம் வைத்தார். ஆட்டோ மாமா என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"டேய்! அப்ப அந்த நெஞ்சுப் படம்?"

"விசாவுக்கு மாமா."

"நான் போன கெழம லைசன்ஸ புதுப்பிக்கப் போயி, எக்ஸ்ரே எங்க எடுக்கிறதுன்னு கேட்டு, கவுண்டர்ல இருந்த நோனா என்னப் பாத்துச் சிரிச்சாடா!"

கடதாசியை ஏஜென்சி மூலம் அனுப்பிவிட்டு வந்தேன். பின்னேரத்துக்குள் மற்றப் பதினேழு வீடும் வந்து போயின. ஒரு வீடு இனிப்புக்கு வட்டிலப்பமும் கொடுத்தனுப்பியது. அம்மா அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கேக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தா. யாரும் லைசன்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. "விசா வந்திரிச்சா?" என்பதே புதிய கேள்வி. முந்தியாவது பொய் சொல்லித் தப்பலாம். இப்போது குழாயடிக்குப் போகும்போதெல்லாம் முன்வீட்டு அண்ணனின் நடை எனக்கும் வந்துவிடுமோ என்று காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வகுப்பு தொடங்க இன்னும் பதினொரு நாள்.

திங்கட்கிழமை, அப்பா வந்து தேத்தண்ணீரோடு உட்கார்ந்த நேரம் போன் அடித்தது. அதே இலக்கம். அப்பா எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். பிறகுதான் எடுத்தார். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி நான் அழுத்திவிட்டேன். அதே பெண் குரல்.

"ஆமாங்க. நான்தான் அன்னைக்குப் பொய் சொன்னவன். அவன் போறான்ங்க. படிக்கப் போறான்."

"என்ன படிக்கப் போகிறார் என்று தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஏன் இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கத்தில் எழுதிய கட்டுரையில், தந்தை சரக்குத் துறையில் பணிபுரிகிறார் என்று மழுப்பியிருந்தேன். மூட்டை என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"நான் செய்யிற வேலதாங்க" என்றார். "கப்பல்ல வர்ற சாமானக் கிடங்குக்குக் கொண்டு போறது, கிடங்குல இருந்து கடைக்குக் கொண்டு போறது. நான் முதுகுல செய்யிறேன். அவன் படிச்சுட்டுச் செய்வான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. எழுதுகிறா போல. பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டா.

"சரியாச் சொன்னேனா தம்பி?" அப்பா கேட்டார்.

"சரிப்பா" என்றேன். நான் எழுதியிருந்ததை விடச் சரி என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை. அவர் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நான் போனை எடுத்து மின்னஞ்சலைப் பார்த்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.