ஓடைக்கரைக் கங்கோங்

தம்போயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சுங்கை, சின்ன ஓடை, ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். சுற்றியுள்ள பட்டறைகளின் லோங்காங் சாக்கடைத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து விழுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் நாலு பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குவோம். தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, படம் எடுத்து ஆறுகளைக் கவனிக்கும் அரசாங்க ஆபீசுக்கு அனுப்புவோம். சம்பளமில்லாத வேலை. "பாசிர் கூடாங்ல ஷிப்ட் முடிச்சு வந்து தூங்காம, சாக்கடையில என்ன புதையலா தேடுறீங்க?" என்று என் மனைவி கேட்காத மாதமில்லை.

எங்களை மதித்த ஒரே ஆள் கரையோர வீட்டு அக்காதான். தேத்தண்ணி வரும், நல்ல வார்த்தை வரும். எனக்கும் பெருமை தலைக்கேறிப் போயிருந்தது.

போன மாதம் வேலை முடியும் நேரத்தில் அக்கா ஒரு கட்டு கங்கோங் கீரையை நீட்டினார். தண்ணீர் ஓரமாகவே புதிதாகப் பாத்தி போட்டிருக்கிறாராம்.

"இந்தத் தண்ணியவா ஊத்துறீங்க, அக்கா?"

"ஆமா லா. முன்னாடி பயமா இருந்துச்சு. இப்பதான் நீங்க மாசா மாசம் வந்து செக் பண்றீங்களே, அப்புறம் என்ன? மக புள்ளத்தாச்சி. தினமும் இதத்தான் பெரட்டிக் குடுக்கிறேன்."

என் கையிலிருந்த குழாயில் அம்மோனியா கரும்பச்சையாக நின்றது. ஒருமுறைகூட அது நல்ல நிறம் காட்டியதில்லை. அலமாக்! நாங்கள் வந்து பார்ப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிட்டாரே!

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "தண்ணி கெட்டுப்போய்க் கெடக்கு, அக்கா. மகளுக்கு இனிமே இதக் குடுக்காதீங்க. நாளைக்கே கிளினிக்ல காட்டிடுங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. பாத்தியில் இறங்கி, அத்தனையையும் வேரோடு பிடுங்கி எறிந்தார்.

கிளினிக்கில் மகளும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நேரில் விசாரித்துவிட்டு வரலாம் என்று போனேன். அக்கா கேட்டைத் திறக்கவில்லை.

"கெட்டுப்போச்சுனு எப்பத்திலேருந்து தெரியும், தம்பி?"

"ஆரம்பத்திலேருந்தே தெரியும், அக்கா. ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம்."

"ஆபீஸ்காரங்களா இந்தத் தண்ணிக்கரையில குடியிருக்காங்க?" என்றார் அக்கா.