ஆற்றில் ஓடிய லோக்கல் ரயில்

முன்மொழிந்தவரின் உறவினர் நடுவராக இருக்கக் கூடாது. மாட்டுங்காவில் எங்கள் தமிழ் வாசகசாலையின் விதி அது. எழுதியவர் அதன் செயலாளரான என் அப்பா. அந்தக் கோடை விடுமுறையில் அதை மீறியவரும் அவரே.

ஊரை அப்படியே கண்முன் நிறுத்தும் நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டு விழாவில் பரிசளிப்பதாக வாசகசாலை தீர்மானித்திருந்தது. எந்த ஊரை என்று தீர்மானத்தில் எழுத மறந்துவிட்டார்கள். என் மாமா ஒரு பாலக்காட்டு நாவலை முன்மொழிந்தார். தாராவியில் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சி ஒரு திருநெல்வேலி நாவலை. சண்டை முற்றியதும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு ஊரையும் பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது. அவர் மனத்தில் தோன்றிய ஊரை வரையச் சொல்வது. எது அசலை ஒத்திருக்கிறதோ அதற்கே பரிசு. அப்படிப்பட்ட ஆள் என்று தேடியதில், கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி வெளியூர் போகாத நான்தான் அகப்பட்டேன்.

தன் நாவல் ஜெயித்தால் லீவு முடிவதற்குள் என்னைப் பாலக்காட்டுக்கு அழைத்துப்போவதாக மாமா ரகசியமாகச் சொன்னார். ஜன்னல் சீட்டு எனக்கு என்பதுவரை பேசி முடித்துவிட்டேன்.

ஒரு வாரம் மாறி மாறி வாசித்தார்கள். நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன்.

மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் படத்தை மறுபடி பார்த்தார். "என்னடி இது, ஆத்துல ரயில் ஓடறது?"

"பாலத்துல நின்னுண்டு எல்லாரும் கீழ பாத்துண்டிருப்பான்னு நீங்கதானே வாசிச்சேள்? பாலத்துக்குக் கீழ ரயில்தானே இருக்கும்?"

அக்கிரகாரமும் மூன்று மாடியாக, பால்கனியில் புடவை உலர, முனையில் பூக்கடையோடு இருந்தது. விழுந்து விழுந்து சிரித்த அண்ணாச்சியிடம் அவருடைய கிராமத்தை நீட்டினேன். சிரிப்பு நின்றது.

"பாப்பா, இது தாராவியில எங்க வீட்டு மாடிக்கு ஏறுத ஏணில்லா. ஊர்ல ஏது இது?"

படத்தை அவர் திருப்பித் தரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாவலும் தேறவில்லை என்று அப்பா தீர்ப்பளித்தார். பாலக்காடு போயிற்று. அப்படியானால் நான் வரைந்த இடமெல்லாம் வருகிற நாவலுக்குப் பரிசைக் கொடுங்கள், அது எந்த நாவல் என்று அழுதுகொண்டே கேட்டேன். கேள்வி எழுத்துமூலம் வர வேண்டும் என்றார் அப்பா. எழுதிக் கொடுத்தேன். மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாலை முழுவதும் அதைப் பற்றி விவாதித்தார்கள்.

பதில், அப்பாவும் நானும் இருந்த அதே வீட்டுக்குத் தபாலில் வந்தது. "தங்கள் ஊரைப் பற்றிய நாவல் எங்களுக்குத் தெரிந்து இதுவரை எழுதப்படவில்லை. எழுதப்பட்டால் வாசகசாலை முதல் பிரதியை வாங்கும்." கீழே மூன்று கையெழுத்து. நான் படித்து முடிக்கும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார், ஏதோ கேட்கப்போகிறவர் போல. ரயில் டிக்கெட் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மறுப்புக் கடிதம் என்றே நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை மாட்டினேன். அன்று திங்கட்கிழமை, பள்ளி திறந்த நாள்.