போர்டுப் பொண்ணு

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜவுளிக்கடை போர்டில் சிரித்துக்கொண்டு நின்றவள்தான் இளமதி. அன்னவாசல் பஸ் ஏறுகிற சனம் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைக்கும். படம் எடுக்கிற நாளில் கடைக்காரர்கள் வீட்டு வாசலுக்கே கார் அனுப்பினார்கள். அவள் அம்மா ராசாத்தி, வந்தவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் காப்பி கொடுத்ததில்லை.

இனி படத்துக்கு நிற்கப் போவதில்லை, இசை நாடகத்தில் ஸ்திரீபார்ட்டாக, கதாநாயகி வேஷம் கட்டிப் பாடப் போகிறேன் என்று இளமதி சொன்னபோது, ராசாத்தி ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தவே இல்லை. சட்னி கூழாகிப் போன பிறகுதான் திரும்பினாள்.

"ஊரூராப் போயி மேடையேறுனா எவன்டி ஒன்னக் கட்டுவான்?"

"போர்டுல ஊரே பாத்துச்சு. அப்ப மட்டும் பொண்ணு கேட்டு வந்தாகள்ல?"

"போர்டுல நீ வாயத் தொறக்கலயே."

அதுதான் இளமதிக்கும் ஆறாதிருந்தது. பல்லுத் தெரியாமல் சிரிங்க, பேசாதீங்க என்று படம் எடுப்பவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டே அவளுக்குச் சலித்துவிட்டது.

பிறகு தோழி வேஷம் கட்டினாள், பின்பாட்டுப் பாடினாள். தொண்டை கட்டிக்கொண்டு திட்டும் வாங்கினாள். ஒருவழியாகக் கீரனூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் ஸ்திரீபார்ட் கிடைத்தது. விழா நோட்டீஸைப் பார்த்தால், பழைய போர்டுப் படமே பெரிதாக இருந்தது.

விழாக் குழு ஆவுடையப்பன் வேஷம் போடுகிற இடத்துக்கே வந்துவிட்டார். "பாட்டக் கொறச்சுக்க தாயி. சனம் ஒன் மொகத்தப் பாக்கத்தான் வந்திருக்கு. சட்டுனு வெளிய வந்து நின்னுரு."

முதல் பாட்டைத் திரைக்குள்ளிருந்தே எடுத்து, இரண்டு அடி பாடியபடி மேடைக்கு வருவது நாடகத்து வழக்கம். இளமதி ஆர்மோனியக்கார வசந்திடம் போனாள். முழுப் பாட்டையும் உள்ளேயிருந்தே பாடப் போவதாகச் சொன்னாள்.

"கல்லெறிவாங்கம்மா."

"எறியட்டும். நீங்க மட்டும் நிறுத்திராதீங்க."

எடுத்தாள். எதிரே விசில் பறந்தது. போர்டே, வெளிய வா என்று ஒருவன் கத்த, சிரிப்பு அலையடித்தது. உச்சத்துக்குப் போன இடத்தில் குரல் பிசிறிவிட்டது. திரையோரத்தில் ஆவுடையப்பன் கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பிசிறிய அடியையே மறுபடி எடுத்து, இந்தத் தடவை உச்சத்தில் பிசிறாமல் நின்றாள். வசந்த் ஆர்மோனியத்தில் கூடவே வந்தார். விசில் அங்கொன்று இங்கொன்றாகி ஓய்ந்தது. கத்தியவனை யாரோ அதட்டி உட்காரவைத்தார்கள். பாட்டை முடித்த பிறகே மேடைக்கு வந்தாள்.

மைக்கை இழுத்து, "மொகத்தப் பாத்தாச்சுல்ல? இனிக் கேளுங்க" என்றாள்.

கூட்டம் முதல் பாட்டையே திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டது.

சில நாளில் வேறொரு ஊர்க்காரர்கள் போன் செய்தார்கள். நோட்டீஸுக்கு அந்தப் போர்டுப் படத்தை அனுப்பச் சொன்னார்கள்.

"படமெல்லாம் கெடையாதுங்க. பேரு மட்டும் போடுங்க. இஷ்டமில்லைன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அடுப்படியில் மிக்சி நின்றது. ராசாத்தி எட்டிப் பார்த்தாள்.

"பேரயாவது பெருசாப் போடச் சொல்லுடி."